தம்பியின் விசைப்படகில் பங்கு வாங்கலாமா?

மதுரையில் மீன் விற்கும் ஒரு சகோதரியின் கடிதம் இது. பிறந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், வடகடல் என்று ஊரில் சொல்லும் பாக் விரிகுடாக் கரையில். வாக்கப்பட்டு மதுரைக்கு வந்து ரொம்ப வருடமாகிறது. தெருமுனையில் பலகை போட்டு, ஐஸ் பெட்டி வைத்து வியாபாரம். கணவர் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருக்கிறார். வந்த பணத்தில் 14 லட்சம் கையில் இருக்கிறது. ஊரில் தம்பிக்கு ஒரு இழுவைமடி (கடலடியோடு இழுத்துப் பிடிக்கும் வலை) விசைப்படகில் பாதிப் பங்கு. மறுபாதி வைத்திருந்தவர் விலகுகிறாராம். "வெளியாள் உள்ளே வந்தால் என் பிழைப்பு போய்விடும், அக்கா. நீயே 12 லட்சம் கொடுத்து அந்தப் பாதியை எடுத்துக்கொள். மாதம் 40,000 கைக்கு வரும்" என்கிறார் தம்பி. ஈடாக அப்பா வீட்டுப் பத்திரத்தைத் தரத் தயார் என்றும் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையே ஒரு புரோக்கர் வந்திருக்கிறார். நீலப் பொருளாதாரத் திட்டத்தில் பெண்கள் பேரில் படகு வாங்கினால் 60 சதவீதம் மானியம், முன்பணமாக 40,000 கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். கணவர் பேங்கில் போட்டு வைக்கலாம் என்கிறார். மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் கடற்பாசி வளர்ப்பைப் பற்றிப் படித்துவிட்டு அதைச் செய்யலாமே என்கிறாள். சகோதரியின் கேள்விகள் இவை: பங்கு வாங்கினால் சட்டப்படி செல்லுமா? இலங்கை நேவி படகைப் பிடித்தால் அரசு பணம் தருமா? மடி வலைக்குத் தடை என்கிறார்களே, அப்புறம் எப்படி இத்தனை படகு ஓடுகிறது? புரோக்கரை நம்பலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு ஒப்பந்த நகலையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் படகில் பங்கு வாங்காதீர்கள். புரோக்கருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தம்பிக்கு உதவியே ஆக வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. அதையும் கீழே எழுதுகிறேன். தம்பி உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் நிற்கிற இடம் அப்படி. மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலில் கூடப்பிறந்தவளைத் துணைக்குக் கூப்பிடுகிறார்.

பத்திரத்தில் இருப்பதும் இல்லாததும்

நீங்கள் அனுப்பியது 100 ரூபாய் பத்திரத்தாளில் எழுதிய ஒப்பந்தம். "மேற்படி விசைப்படகின் வரவு செலவில் சரிபாதி பாத்தியதை உண்டு" என்று ஒரு வரி. அதற்கு நான்கு வரி தள்ளி, "அந்நிய நாட்டாரால் படகுக்கு ஏதும் நேர்ந்தால் இரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது" என்று இன்னொன்று. இந்த இரண்டாவது வரியை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. படகு பிடிபடலாம் என்பதைத் தெரிந்தே, அந்த நஷ்டம் உங்களோடு நின்றுவிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய பங்குதாரரோடு போட்ட பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றியிருப்பது போலத் தெரிகிறது. அவரும் இதே வரிக்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டிருப்பார். இப்போது ஏன் விலகுகிறார் என்று தம்பியிடம் கேட்டுப் பாருங்கள்.

செல்லுமா என்று கேட்டீர்கள். இந்தத் தாள் உங்களைப் படகின் உரிமையாளர் ஆக்காது. மீன்பிடிப் படகு மத்திய அரசின் வணிகக் கப்பல் சட்டத்தின்கீழ் பதிவாக வேண்டும். அதற்கு மேல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-இன்படி மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். இப்போது இதெல்லாம் ரியல்கிராஃப்ட் என்ற இணையதளத்தில் இருக்கிறது. சான்றிதழ் நகலைத் தம்பியிடம் கேளுங்கள். அதில் இருப்பது தம்பி பெயரா, விலகுகிறவர் பெயரா, இருவருக்கும் முன்னால் படகை வைத்திருந்த யாரோ ஒருவர் பெயரா என்று பாருங்கள். இரண்டு மூன்று கை மாறிய பிறகும் பழைய சம்மாட்டி (படகு முதலாளி) பெயரிலேயே ஓடும் படகுகள் உண்டு.

சரி, கூட்டு வியாபாரம் என்றாவது எடுத்துக்கொள்ளலாமா என்றால், பதிவு செய்யாத கூட்டு நிறுவனத்தின் பங்குதாரர் ஒப்பந்த உரிமையைக் கேட்டு மற்ற பங்குதாரர் மேல் வழக்குப் போட முடியாது. 1932-ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. வரவைக் கேட்க உங்களுக்கு வழி குறுகல். பொறுப்பு மட்டும் தாராளமாக வரும். படகில் போன தொழிலாளி கடலில் இறந்தால் இழப்பீட்டுக் கோரிக்கை உரிமையாளர்கள் மேல்தான் திரும்பும். ஒப்பந்தத்தைக் காட்டி உங்களையும் சேர்ப்பார்கள்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். படகுக்கு இறால் கம்பெனிக்காரரோ ஏலக்காரரோ முன்பணம் கொடுத்திருக்கிறாரா? கொடுத்திருந்தால் பிடித்து வரும் மீன் அவர் சொல்லும் விலைக்குத்தான் போகும். உங்கள் பாதி, அவருக்குக் கொடுத்தது போக மிஞ்சியதில் பாதி. முன்பணம் எவ்வளவு பாக்கி என்பது இந்த ஒப்பந்தத்தில் ஒரு இடத்திலும் இல்லை.

மாதம் 40,000 என்ற கணக்கு

இதை நானே போட்டுப் பார்த்தேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீதி 304 நாள். உங்கள் ஊர்ப் பக்கம் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்று ஏற்பாடு. அப்படியானால் வருடத்துக்கு அதிகம் போனால் 130 நாள் தொழில். இதில் புயல் எச்சரிக்கை, ஐப்பசி கார்த்திகைக் காற்று, இலங்கையில் ஆட்கள் பிடிபட்டால் நடக்கும் வேலைநிறுத்தம், இஞ்சின் வேலை எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். மிஞ்சும் நாட்களில் டீசல், ஐஸ், ஆட்களின் பங்கு போகத்தான் உங்கள் பாதி. தம்பி ஒரு நல்ல மாதத்தைச் சொல்லியிருக்கிறார். அப்படி மாதங்கள் வரும். வருடம் முழுவதும் வராது.

தடையா, தடை இல்லையா

இங்கே ஒரு குழப்பத்தை எடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் தடை இருப்பது இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்கும், மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துச் சுருக்கும் சுருக்குமடிக்கும். சுருக்குமடி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று ஓர் இடைக்கால அனுமதி கொடுத்தது. உங்கள் தம்பி படகில் இருப்பது ஒற்றை இழுவைமடி. உரிமம் இருந்தால் அதற்குத் தடை இல்லை. ஆனால் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் இழுக்கக் கூடாது. அந்தப் பகுதி நாட்டுப்படகுக்காரர்களுக்கு உரியது.

இப்போது வடகடலை நினைத்துப் பாருங்கள். ராமேசுவரத்திலிருந்து கச்சத்தீவு சுமார் 12 கடல் மைல். இந்திய-இலங்கைக் கடல் எல்லைக் கோடு அதற்கும் இந்தப் பக்கம். கரையோரம் 3 மைலை விட்டுவிட்டால், எல்லைக்கு இந்தப் பக்கம் விசைப்படகுக்குச் சட்டப்படி மிஞ்சுவது ஒரு பட்டை. அதிலும் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல். அத்தனை படகும் அந்தப் பட்டைக்குள் வருடக்கணக்காக மடி இழுத்தால் என்ன மிஞ்சும்? நீங்கள் மீன் விற்கிறவர். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இறாலையும் கணவாயையும் நண்டையும் பொறுக்கி எடுத்த பிறகு தளத்தில் ஒரு குவியல் கிடக்கும். விரல் நீள விளமீன், காரல் குஞ்சு, ஓடு கெட்டிப்படாத நண்டு, கடல்தாழை என்னும் கடற்புல்லின் சருகு எல்லாம் ஒன்றாக. சங்காயம் என்று கூடை கூடையாக மீன்மாவுக் கம்பெனிக்குப் போகிறது. அந்த விளமீன் வளர்ந்திருந்தால் உங்கள் பலகைக்குத்தான் வந்திருக்கும். கடலடியில் தாழை உள்ள இடம்தான் இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டில். ஆவுளியாவுக்கு, அதாவது கடல்பசுவுக்கு, அதுவே தீனி. மடி அதன்மேல்தான் இழுபடுகிறது.

அதனால்தான் படகுகள் எல்லைக் கோட்டைத் தாண்டுகின்றன. பேராசை என்று அதைச் சுருக்கமாக முடித்துவிட எனக்கு மனமில்லை. இழுவைப் படகைக் கொண்டுவந்து, கடன் கொடுத்து, இறால் ஏற்றுமதிக்காக ஊக்கப்படுத்தியது அரசுதான். அரை நூற்றாண்டு அதை நம்பி வாழ்ந்த குடும்பத்திடம் இன்று தவறு என்று சொன்னால் போதாது. வெளியேறும் வழியையும் சேர்த்துத்தான் தர வேண்டும். அதே சமயம் அக்கரையையும் பார்க்க வேண்டும். அங்கே கடலுக்குப் போகிறவர்களும் தமிழர்கள். போர்க்காலத்தில் கடலே மறுக்கப்பட்டிருந்தவர்கள், 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கித் திரும்பியவர்கள். நம் மடியில் சிக்கி அறுபடுவது யாழ்ப்பாணத்து, மன்னார்ச் சிறு மீனவனின் வலை. உங்கள் முதலீட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது. அவர்கள் எதிர்ப்பு இருக்கும்வரை இந்தக் கைதுகள் ஓயப்போவதில்லை.

பிடிபட்டால் என்ன நடக்கும்

கச்சத்தீவைச் சுற்றி மீன்பிடிக்க நமக்கு உரிமை உண்டு, கோர்ட்டில் அதைச் சொல்லிப் படகை மீட்டுவிடலாம் என்று தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே அந்தத் தீவுக்குப் போகலாம் என்று இருக்கிறது. ஆனால் 1976-இல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதத்தில், ஒரு நாட்டுப் படகு மறு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அந்த ஒப்பந்தங்கள் சரியா என்பது வேறு விவாதம். இலங்கை நீதிமன்றத்தில் உங்கள் படகு நிற்கும்போது அந்த விவாதம் கைகொடுக்காது.

இலங்கை 2017-இல் இழுவைமடியைத் தன் கடலில் முழுவதும் தடை செய்தது. அடுத்த வருடம் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு கூட்டியது. பிடிபட்ட தொழிலாளர்கள் பெரும்பாலும் சில வாரங்களில் ஊர் திரும்புகிறார்கள். படகை ஓட்டியவருக்கும் இரண்டாம் முறை பிடிபட்டவருக்கும் சிறைத் தண்டனை விழுகிறது. படகு திரும்புவதில்லை. அதைக் கேட்க வேண்டுமானால் உரிமையாளர் ஆவணங்களோடு அந்த நாட்டு நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அரசுடைமை. பதிவில் பெயரே இல்லாத நீங்கள் யாராகப் போய் நிற்பீர்கள்?

அரசு பணம் தருமா என்றால், தந்திருக்கிறது. 2022-இல் தமிழக அரசு மீட்க முடியாத 108 விசைப்படகுகளுக்குத் தலா 5 லட்சமும், 17 நாட்டுப்படகுகளுக்குத் தலா ஒன்றரை லட்சமும் கொடுத்தது. பிற்பாடு தொகை கூடியிருக்கிறது. ஆனால் அது நிவாரணம். அரசாணை போட்டால் வரும்; வராவிட்டால் உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது. வந்தாலும் பதிவில் இருக்கும் உரிமையாளர் கணக்குக்கு வரும். அதில் பாதியை உங்களுக்குக் கொடுப்பது தம்பி மனது. காப்பீடு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பாலிசியை வாங்கி, வேற்று நாட்டு அரசு பறிமுதல் செய்தால் கவர் ஆகுமா என்ற இடத்தைப் படித்துப் பாருங்கள்.

இந்த நிலை மாறிவிடும், அரசுகள் பேசித் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையில் பணம் போடுவதிலும் ஆபத்து இருக்கிறது. 2016 நவம்பரில் இரு நாட்டு அதிகாரிகளும் பேசி ஒப்புக்கொண்டதே, இழுவைமடியைச் சீக்கிரம் முடிவுக்குக் கொண்டுவருவது என்பதைத்தான். பேச்சுவார்த்தை வெற்றி பெற்றால் இந்தப் படகுக்கு எதிர்காலம் இல்லை. தோற்றால் பறிமுதல் தொடரும். இரண்டிலும் உங்கள் 12 லட்சம் பத்திரமாக இல்லை. நம் நாட்டுச் சட்டத்தின் போக்கும் அதே பக்கம்தான். மீன்பிடிப்பு அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 12 கடல் மைலுக்கு அப்பால்தான் மத்திய அரசு. கேரள அரசு தன் கடலில் சில வலைகளைத் தடை செய்தபோது, தொழில் செய்யும் உரிமையைப் பறிக்கிறது என்று படகு உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். ஜோசப் ஆண்டனி வழக்கு என்று வக்கீல்கள் சொல்லும் அந்தத் தீர்ப்பில், பாரம்பரிய மீனவர்களின் பிழைப்பைக் காக்க அரசு அப்படித் தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது. நாளைக்குத் தமிழக அரசு வடகடலில் இழுவைமடியை நிறுத்தினால், மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் அதை எதிர்த்து நிற்பது கடினம்.

அப்பா வீட்டுப் பத்திரம்

இதைப் படித்தபோதுதான் எனக்கு உங்கள் மேல் அதிகக் கவலை வந்தது. அப்பா உயில் எழுதாமல் காலமானார், வீடு இன்னும் அவர் பேரில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்குப் பொருந்துவது இந்து வாரிசுரிமைச் சட்டமோ, கிறிஸ்தவர்களுக்கான இந்திய வாரிசுரிமைச் சட்டமோ, எதுவானாலும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அம்மா இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. ஆக, தம்பி உங்களுக்கு ஈடாகத் தருவதில் ஒரு பகுதி ஏற்கெனவே உங்களுடையது. மூலப் பத்திரத்தைக் கையில் வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டால் பணத்துக்குப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். அந்த வீட்டில் உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய எந்தத் தாளிலும், உறவுக்காகக்கூட, இப்போது கையெழுத்துப் போட வேண்டாம்.

தம்பிக்கு உதவ வேண்டுமென்றால் பங்குதாரராகப் போகாமல் கடன் கொடுத்தவராக இருங்கள். உங்களால் இழக்க முடிகிற அளவு தொகை மட்டும். பேங்க் வழியாக அனுப்புங்கள், எழுத்தில் வாங்குங்கள். புரோநோட்டு என்றால் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும், அல்லது வரவு வைத்தோ புதுப்பித்தோ எழுதி வாங்க வேண்டும். தம்பியின் பங்கை ஈடாக வைக்கச் சம்மதித்தால், வாரிசுச் சான்றிதழ் வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானப் பத்திரம் பதிவு செய்யுங்கள். அக்கா தம்பிக்குள் இதெல்லாமா என்று ஊரில் பேசுவார்கள். பேசட்டும். எழுதாமல் கொடுத்துவிட்டுப் பத்து வருடம் கழித்துப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்களைத்தான் நான் கோர்ட்டில் பார்க்கிறேன்.

ஆழ்கடலா, பாசியா?

தம்பிக்கு ஒரு வழி 2017-இல் திறந்தது. பாக் விரிகுடாவில் 2,000 இழுவைப் படகுகளை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் சூரை (டூனா) பிடிக்கும் ஆழ்கடல் படகு கொடுக்கும் திட்டம். படகு மதிப்பு 80 லட்சம் என்று வைத்து, மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் கையிலிருந்து 8 லட்சம் என்று பிரித்தார்கள். பழைய மடிப் படகை ஒப்படைக்க வேண்டும். நினைத்த அளவுக்கு மீனவர்கள் வரவில்லை. காரணம் பணம் மட்டும் இல்லை. உங்கள் ஊரில் சாயங்காலம் போய்க் காலையில் திரும்பும் தொழில். சூரைக்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்களுக்குப் பரம்பரையாக வந்த கை அது. ஒரு நாள் தொழில் பார்த்தவருக்குப் படகைக் கொடுத்தால் போதாது, கூடவே தொழிலையும் கற்றுக்கொடுக்க வேண்டும். படகு வாங்கிவிட்டுக் கடன் கட்டத் திணறுகிறவர்களும் உண்டு. ஆகவே, தம்பி உண்மையிலேயே மாற நினைத்தால் முதலில் ஒரு பருவம் ஆழ்கடல் படகில் ஆளாகப் போய்ப் பார்க்கட்டும். உங்கள் ஊர் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா, அலகு மதிப்பு (மானியக் கணக்குக்கு அரசு வைக்கும் விலை) எவ்வளவு என்று நேரில் கேட்கட்டும். 2025 நவம்பரில் வந்த மத்திய அரசின் ஆழ்கடல் மீன்பிடி விதிகள் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கும் முன்னுரிமை சொல்கின்றன. தனி ஆளாகக் கடன் வாங்குவதைவிட நாலு பேர் சங்கமாகப் போனால் இனி மதிப்பு அதிகம். அந்த நிலைக்கு அவர் வந்தால், உங்கள் கடன் அவருடைய பங்குத் தொகைக்குப் பயன்படட்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மகள் சொன்ன பாசி வளர்ப்பு நல்ல யோசனை, ஆனால் மதுரையில் இருந்துகொண்டு செய்யும் வேலை இல்லை. மூங்கில் மிதவையில் விதை கட்டி, 45 நாளில் அறுத்து, காயவைத்து விற்க வேண்டும். தினமும் கடலில் இறங்கிப் பார்க்க ஆள் வேண்டும். வடகிழக்குப் பருவக் காற்றில் மிதவை தாங்காது. 2013-க்குப் பிறகு கடல் சூடேறி விதையே அழிந்து பெரும் நஷ்டம் வந்தது. அங்கே வளர்க்கும் கப்பாபைகஸ் வெளிநாட்டு இனம். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையின் மேல் பரவியதும் பதிவாகியிருக்கிறது. அதனால் எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்று கட்டுப்பாடு உண்டு. தென்கடல் என்னும் அந்த வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை விடாது. கடலில் இடத்தை யாரும் உங்களுக்குப் பட்டா போட்டுத் தர முடியாது. ஊரில் உள்ள உங்கள் சொந்தக்காரப் பெண்கள் குழுவாகச் செய்தால் அவர்களுக்கு நல்லது. நீங்கள் பணம் மட்டும் போட்டு அவர்கள் உழைக்கும் ஏற்பாடு வேண்டாம்.

60 சதவீதம்: உண்மை எது?

புரோக்கர் சொன்ன எண் பொய்யில்லை, அதுதான் சிக்கல். 2020-இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம். ஆனால் பழைய படகில் பாதிப் பங்கு வாங்குவதற்கு அது கிடையாது. விண்ணப்பம் மீன்வளத் துறைக்கு. பணம் பயனாளி கணக்குக்கு. நடுவில் ஒருவருக்கு 40,000 கொடுக்க எந்த விதியும் இல்லை. இதுவரை ஏதாவது கொடுத்திருந்தால், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, ஜிபே ரசீது எதையும் அழிக்காமல் போலீசில் புகார் கொடுங்கள்.

அதே திட்டத்தில் உங்களுக்கு நேராகப் பொருந்துவது ஒன்று இருக்கிறது, அதை அவர் சொல்லவில்லை. மீன் விற்பவர்களுக்கு ஐஸ் பெட்டி பொருத்திய இரு சக்கர வண்டிக்கு 75,000 ரூபாயும், மூன்று சக்கர வண்டிக்கு 3 லட்சமும் அலகு மதிப்பு. பெண்களுக்கு 60 சதவீதம் என்றால் முறையே 45,000, ஒரு லட்சத்து எண்பதாயிரம். இந்த வருடத்துக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று மதுரை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நீங்களே போய்க் கேளுங்கள். கடலே இல்லாத மதுரையிலும் அந்தத் துறைக்கு அலுவலகம் உண்டு; கண்மாய், அணை மீனுக்கும் அவர்கள்தான் பொறுப்பு.

"நான் வெறும் வியாபாரிதானே, எனக்கு என்ன உரிமை" என்று எழுதியிருந்தீர்கள். மீன் விற்பவர்களும் மீன்பிடித் தொழிலில் சேர்ந்தவர்கள்தான் என்று ஏற்றுத்தான் 2007-இல் தமிழ்நாடு மீனவர் நல வாரியத்துக்கான சட்டமே வந்தது. உறுப்பினராகச் சேர முடியுமா என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள். பலகை போடும் இடத்துக்கு 2014-ஆம் வருடத்துச் சாலையோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. மாநகராட்சி கணக்கெடுப்பில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா, விற்பனைச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் எழுத்தில் விண்ணப்பித்து ஒப்புகை வாங்குங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவையும் முடித்துவிடுங்கள். வண்டி மானியத்துக்குப் போகும்போது இந்த இரண்டையும் கேட்க வாய்ப்புண்டு.

மிச்சப் பணத்தைப் பேங்கில் போடச் சொல்லும் உங்கள் வீட்டுக்காரர் பேச்சைக் கேளுங்கள். மகள் படிப்பு முடிய இன்னும் செலவிருக்கிறது. தம்பியிடம் மறுப்பதற்கு முன் நான்கு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: பதிவுச் சான்றிதழ், மீன்பிடி உரிமம், காப்பீட்டுப் பாலிசி, முன்பணப் பாக்கிக் கணக்கு. அவரும் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். கையில் வந்ததும் வாரிசுச் சான்றிதழோடு எனக்கு நகல் அனுப்புங்கள். கடன் பத்திரம் எப்படி எழுதலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த 100 ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.